துருவைக் களைவதும் துருவை மறைப்பதும்



வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தையை அறியாதவர் தாம்பரம் வட்டாரத்தில் இருக்கமாட்டார். பூச்செடி, கோழிக்குஞ்சு, மீன்தொட்டி, பழைய மின்விசிறி, கால் ஒடிந்த நாற்காலி, எல்லாம் அங்கே உண்டு. தரையில் தார்ப்பாயை விரித்து, துருப்பிடித்த ஸ்பானர்களையும் பல்சக்கரங்களையும் குவித்து வைத்திருக்கும் வியாபாரிகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குவியலிலிருந்து நம் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு இரண்டு டிரில் சக்குகளை விலைபேசி வாங்கினார். ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் சிறு பட்டறை தொடங்கியவர் அவர். அந்த இரண்டு சக்குகளின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. கோவில் வேப்பமரத்தடியில் பலர் இருக்கப் பேசியது. எழுதலாமென்று அவரே சம்மதித்தது. ஆகையால் ஒருவரும் சஞ்சலப்பட வேண்டாம்.

பட்டறைப் பக்கம் போகாத தாய்மாருக்காக ஒரு வார்த்தை. துளையிடும் இயந்திரத்தின் வாய்தான் டிரில் சக். அதன் உள்ளே மூன்று தாடைகள் சாய்வாக அமைந்திருக்கும். பட்டறையில் ஜா என்பார்கள். சாவியைப் பக்கவாட்டுத் துவாரத்தில் வைத்துத் திருகினால், வெளிவளையமாகிய ஸ்லீவ் சுழலும். அதனோடு உள்ளேயிருக்கும் ஒரு நட்டும் சுழலும். அந்த நட்டின் மரை தாடைகளின் முதுகிலுள்ள மரையைத் தள்ள, மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் ஒரே மையத்தை நோக்கி நெருங்கித் துளையிடும் பிட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க தேசத்தில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த சக்கை ஸ்பானர் கொண்டு முடுக்குகையில் விரல் கணுக்கள் அடிபட்டுத் தோல் உரிந்ததால் இந்த வழியைத் தேடினார் என்று சொல்வார்கள். ஒரு தொழிலாளியின் கைக்காயத்திலிருந்து பிறந்த கருவி என்பதனாலேயே எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை.

வாங்கிவந்த அன்றே இளைஞர் முதல் சக்கை எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எமரித் தாளால் பளபளப்பாக்கினார். பத்துச் சொட்டு எண்ணெய் விட்டு சாவியைப் போட்டுத் திருகியதும் தாடைகள் முக்கி முனகி அசைந்தன. ஒரு வாரத்துக்குள் தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள சிறு பட்டறைக்காரர் ஒருவருக்கு அதை அறுநூறு ரூபாய்க்கு விற்றார். "நல்லா வேலை செய்யுமா தம்பி?" என்று அவர் கேட்டாராம். "புதுசு மாதிரிண்ணே" என்று இவர் சொன்னாராம். பங்கு மக்களே, இந்த "மாதிரி" என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சக்கைத் தமது சொந்த இயந்திரத்துக்கு என்று வைத்துக்கொண்டார். சொந்தத்துக்கு என்றதும் மனிதனுக்கு வரும் கவனம் வேறல்லவா? கிண்டித் தொழிற்பேட்டையில் நீண்டகாலம் ஃபிட்டராக உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துப்போனார். 1958-ல் தொடங்கிய அந்தப் பேட்டையில் கை பழகியவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். பெரியவர் சக்கைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"வெளியே தேய்ச்சு என்ன தம்பி ஆகப்போவுது? நோவு உள்ளேதான் இருக்கும். பிரிச்சுப் பாரு."

பிரிக்கிற விதத்தை நானும் ஒரு மாலைவேளை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நொறுங்கிப்போகும். பின்பு ஸ்லீவை மட்டும் தாங்குகிற ஒரு கனத்த குழாய்த் துண்டின்மேல் சக்கை அமர்த்தி, நடுவுடலை பிரஸ்ஸினால் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இளைஞர் அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கும் நட்டு கடினமான எஃகு. தாறுமாறாக அடித்தால் சிதறிவிடும்.

அந்த நட்டைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன். அதை முழு வளையமாக மரை வெட்டிச் செய்தபின், வேண்டுமென்றே இரண்டாகப் பிளப்பார்களாம். அப்பொழுதுதான் உடலைச் சுற்றி அதைப் பொருத்த முடியும். பிளந்த முகங்கள் கரடுமுரடாக இருக்கும். ஆனாலும் அந்த இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று மாத்திரமே சரியாகச் சேரும்; வேறொரு சக்கின் பாதியை அதோடு சேர்த்தால் மரை பிசகும். தாடைகளும் அப்படியே. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும், மரை தொடங்குமிடம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தள்ளியிருக்கும். அதனால்தான் வரிசை மாறாதிருக்க அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் உண்டு. எண் தேய்ந்துபோயிருந்தால் கழற்றுமுன்னே நாமே அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசை மாற்றிப் போட்டுவிட்டு, "சாமி, இது ஏன் கோணலாப் பிடிக்குது?" என்று கேட்டுத் திகைத்தவர்கள் உண்டாம்.

ஸ்லீவ் கழன்றது. உள்ளே எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் வண்டல் மண் இருந்தது. சந்தனம்போல மெல்லிய, காய்ந்த சேறு. இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை. 2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் யார் மறப்போம்? வீடுகளோடு பட்டறைகளும் மூழ்கின. நீர் வடிந்தபின் லேத்தும் மோட்டாரும் கருவிப்பெட்டியும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போனதை நம்மில் சிலர் கண்ணால் கண்டோம். இந்தச் சக் அப்படி வந்ததுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. "தண்ணியிலே கிடந்து எழுந்தது, அவ்வளவு நிச்சயம்" என்றார் பெரியவர். யாரோ ஒருவருடைய பிழைப்பு அதன் பின்னால் இருந்திருக்கும் என்பதும் நிச்சயமே.

துருவின் குணம் ஒன்றை இங்கே அறிந்துகொள்ளுங்கள். இரும்போடு நீரும் காற்றும் சேர்ந்தால் துரு பிறக்கிறது; உப்பு கலந்தால் இன்னும் வேகம். கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள நம் ஊரில் இரும்புக்கு அதனால்தான் ஓய்வே இல்லை. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் இடுக்கான மரைகளுக்குள் அது பிறந்தால் வீங்கி, நகரவேண்டியதை நகரவிடாமல் கவ்விக்கொள்ளும். ஒருபக்கம் அரித்துத் தின்கிறது, மறுபக்கம் வீங்கி இறுக்குகிறது. மேலே பிரஷ் போட்டு இதைத் தீர்க்க முடியுமா?

பாகங்களைக் காடியில் இட்டார்கள். கடையில் வினிகர் என்று விற்பதுதான். நம் ஆண்டவருடைய பாடுகளின் சரித்திரத்தில் நாம் வாசிக்கிற அதே காடி. அது துருவைக் கரைக்கும். ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. துரு தீர்ந்தபின் நல்ல எஃகையும் அரிக்கத் தொடங்கும். நடுநடுவே எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப இட்டார்கள். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசினார்கள். அலசியபின் சற்றே ஈரத்தோடு விட்டால், கண்முன்னே மஞ்சள் துரு படியும். கனத்த கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெயே போதும் என்றார் பெரியவர். கிரீஸில் உலோகத் துகள் ஒட்டிக்கொண்டு மரையைத் தேய்த்துவிடுமாம்.

எல்லாவற்றையும் வரிசைப்படி சேர்த்து அழுத்தியபின் தாடைகள் வெண்ணெய்போல நகர்ந்தன. இளைஞருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவர் மாத்திரம் சிரிக்கவில்லை. நேரான உருக்குக் கம்பியொன்றைச் சக்கில் பிடிக்கச் செய்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைவையும் காட்டக்கூடிய டயல் கேஜை அதன் அருகில் நிறுத்தி, சக்கைக் கையால் மெதுவாகச் சுழற்றினார்.

நம் பரங்கிமலையை நினைத்துக்கொண்டேன். அங்கே வேதசாட்சியாக மரித்தார் என்று பாரம்பரியம் சொல்லுகிற அப்போஸ்தலரான அர்ச். தோமையாரை, கண்டாலொழிய நம்பாதவர் என்று நாம் எளிதாகக் குறை சொல்லுகிறோம். படங்களில் அவர் கையில் கட்டடக்காரரின் மூலைமட்டத்தை வரைவதுண்டு. அளந்து பார்த்துப் பழகிய மனிதன், விரலை வைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டதில் அவ்வளவு அதிசயம் என்ன? நம் ஆண்டவரும் அவரைக் கடிந்ததோடு நிற்காமல், காயத்தைக் காட்டினாரே!

டயல் கேஜின் முள் முப்பது கோடு ஆடிற்று. இரண்டு தாடைகளின் முனை தேய்ந்து குழிந்திருந்தது. துரு போனது, தேய்ந்துபோன இரும்பு திரும்பி வரவில்லை. அது யாராலும் வராது. "மரத்துக்கு ஆகும், சும்மா பெரிய துளைக்கு ஆகும். நுணுக்கமான வேலைக்கு ஆகாது. மெல்லிய பிட்டு போட்டா ஒடியும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சக்கின் கழுத்தில் சிவப்பு வண்ணத்தால் ஒரு வளையம் போட்டார். பின்னால் எடுக்கிறவனுக்கும் தெரியவேண்டுமல்லவா?

அப்பொழுதுதான் இளைஞருக்கு முதல் சக்கின் ஞாபகம் வந்தது. ஒரே குவியலில் கிடந்தது. அதே மண் அதற்குள்ளும் இருக்கும். அதை விற்று, அந்தப் பணத்தில் வீட்டுக்கு அரிசியும் வாங்கியாயிற்று.

வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் வாதாடினார். வாதம் பலமானதுதான்; உங்களில் பலர் அவர் பக்கமே சாய்வீர்கள். "சாமி, சந்தையிலே எனக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கலையே. உள்ளே எப்படின்னு தெரியாது, பார்த்து வாங்கிக்கோன்னு சொல்லித்தான் கொடுத்தார். நானும் உள்ளே பார்க்கலை. வாங்கினவர் பார்த்துத்தானே வாங்கினார்? தெரியாம செஞ்சது எப்படிப் பாவமாகும்?"

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் என்னும் வேதபாரகர் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்து விசாரித்திருக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால் அது வாங்குகிறவனுக்கே தெரியும். விலையைக் குறைத்துக்கொண்டால் போதும், கூவிச் சொல்லவேண்டிய கடமையில்லை. ஆனால் குறை மறைவாயிருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், சொல்லியே தீரவேண்டும். விற்கிறவனுக்கே அந்தக் குறை தெரியாதிருந்தால் பாவமில்லை. ஆயினும் தெரியவந்தபின் நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறான். எண்ணூறு வருஷங்களுக்கு அருகாகிறது. நம் இளைஞரின் காரியத்துக்கென்றே எழுதிவைத்ததுபோல் இல்லையா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தைக்காரர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவரிடம் துரு துருவாகவே இருந்தது. குருட்டுக் குதிரை குருட்டுக் குதிரையாகவே நின்றது. நம் இளைஞர் செய்தது என்ன? கண்ணுக்குத் தெரிந்த குறையைக் கண்ணுக்குத் தெரியாத குறையாக மாற்றினார். எமரித் தாளால் அவர் துடைத்தது துருவை அன்று, வாங்குகிறவருடைய சந்தேகத்தை. "புதுசு மாதிரி" என்றபோது அவருக்கு உள்ளே தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதும் உண்மை. இதை நான் சொன்னபோது அவர் வெகுநேரம் தலைகுனிந்திருந்தார்.

அறுநூறு ரூபாய்க் காரியத்துக்கு இவ்வளவு பிரசங்கமா என்று கேட்பீர்கள். அந்த இயந்திரத்தின் முன் நிற்கப்போகிறவன் யார் என்று யோசியுங்கள். சக்கை வாங்கிய முதலாளியாக இருக்கலாம். அநேகமாக அவரிடம் வேலைக்குச் சேர்ந்த சிறுவயதுப் பையனாக இருப்பான். பிட்டு நழுவினால் அவன் பிடித்திருக்கும் தகடு சுழலும். ஒடிந்தால் துண்டு முகத்துக்குப் பறக்கும். அவன் விலை பேசவும் இல்லை, பார்த்து வாங்கவும் இல்லை. செல்வர் சேர்த்துவைத்த பொன் வெள்ளியின் துருவே அவர்களுக்கு விரோதமான சாட்சி என்று எழுதிய அப்போஸ்தலர் அர்ச். யாகப்பர், அதே மூச்சில் கூலியாட்களின் முறையீடு ஆண்டவருடைய செவிக்கு எட்டுகிறதென்று சொல்லுகிறார். அவர் பேசுவது கூலியைப் பற்றி. விரலையும் கண்ணையும் அதோடு சேர்த்துக்கொண்டால் அவர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். (இந்த இடத்தில் பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒன்று: சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையைப் போடாதீர்கள், அது கல்போலப் பறக்கும். ஓடும் டிரில்லின் அருகே கையுறையும் ஆகாது.)

வரும் மே மாதம் முதல் தேதி தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள். 1955-ல் அதே தேதியில் உரோமாபுரியில் தொழிலாளர் திரளின் முன்னிலையில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் அதை ஏற்படுத்தினார். நம் சென்னையிலோ அதற்கு முன்பே, 1923-ல், சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடிவிட்டார். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷங்களில் இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் வேதசாட்சியான அர்ச். ஜுஸ்தீனார், நம் ஆண்டவர் தச்சுத்தொழிலில் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். நுகத்தடியின் மேற்பக்கத்தைச் சந்தையில் எல்லோரும் பார்ப்பார்கள். அடிப்பக்கத்தை மாடு மாத்திரமே அறியும். இழைக்காமல் விட்ட ஒரு சிம்பு போதும், நாள் முழுவதும் அதன் கழுத்தை அறுக்க. நாசரேத்துப் பட்டறையில் அடிப்பக்கம் எப்படி இழைக்கப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

பட்டறை இல்லாத குடும்பங்கள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். மழைநீர் ஏறிய சுவருக்கு ஒரு கை வண்ணமடித்துவிட்டுக் குடித்தனக்காரரைக் கூட்டிவந்து காட்டுகிறோம். வெள்ளத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து விற்கிறோம். பையனுடைய கடனையோ குடியையோ பூசி மெழுகிச் சம்பந்தம் பேசிவிட்டு, பெண் வந்து பார்த்துக்கொள்வாள் என்கிறோம். ஏழாம் கற்பனையை வாசிக்கிறபோது பூட்டை உடைக்கிற திருடனை மாத்திரமே நினைத்துக்கொள்ளுகிறோம். பாவசங்கீர்த்தனத்திலும் சிலர் இப்படித்தான். வெளிவளையத்தை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆத்தும சோதனை என்பது ஸ்லீவைக் கழற்றுகிற வேலை. அது நோகும். சுத்தியலும் உதவாது, பொறுமையான அழுத்தம்தான் வேண்டும்.

நம் இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அறுநூறு ரூபாயை எப்படியோ புரட்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இரண்டு பிட்டுகள் ஒடிந்திருந்தன. பிடிக்கத் தெரியவில்லை என்று வேலைக்காரப் பையன் திட்டும் வாங்கியிருந்தான். இவர் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி முதலில் நம்பவில்லை, பிறகு கோபித்தார், பிறகு அறுநூறையும் வாங்கி, ஒடிந்த பிட்டுகளுக்கு நூற்றைம்பதும் கேட்டு வாங்கிக்கொண்டார். சக்கேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னாரே, நமக்கு நூற்றைம்பதோடு போயிற்று என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பையன் வாங்கின திட்டை எப்படிச் சாமி திருப்பிக் கொடுக்கிறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அவர் திரும்பப் போய், தப்பு உன்னுடையதல்ல தம்பி, சக்கினுடையது, என்று முதலாளி காதுபடவே அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முதல் சக்கையும் பிரித்தாயிற்று. மண் இருந்தது, ஆனால் தாடைகள் ஆச்சரியமாய் நன்றாயிருந்தன. சுத்தம்செய்து சேர்த்தபின் டயல் கேஜின் முள் ஐந்து கோட்டுக்குள் நின்றது. அந்த முதலாளியே அதை அறுநூற்றைம்பதுக்குக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், இந்தமுறை கம்பியைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு. சிவப்பு வளையம் போட்டது தாழ்வாரத்தில் மர வேலைக்கு ஓடுகிறது. மழை தொடங்குமுன் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லிப் பெரியவர் என்னிடம் சொல்லியனுப்பினார். இதை வாசிக்கிறவர்களில் அந்த இளைஞரும் ஒருவராதலால் இங்கேயே சொல்லிவிட்டேன்.